ஒரு தபால் பெட்டிக்கு இரண்டு சாவி

களைத்துப்போனவன் சொல்லும் கதையில் ஒரு நன்மை உண்டு. தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள அவனுக்குத் தெம்பு இருக்காது. ஓய்வு வயதுக்கு ஐந்தாண்டு இருக்கும்போதே, போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். ஒரு காலைப்பொழுதில் திரையைப் பார்த்தேன். திரை என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்.

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டீர்கள். யூ.பி.எஸ். புகைந்த கதை, எலி கேபிளைக் கடித்த கதை எல்லாம் கேன்டீனில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எப்படி நிறுவுவது, எப்படிச் சரிசெய்வது என்பதும் வேண்டாம். நான் கற்ற எதுவும் இன்று எந்த இயந்திரத்திலும் இல்லை. ஒரே ஒரு திங்கட்கிழமையை மட்டும் சொல்கிறேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கு ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு கடைந்து கொடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. கணினிப் பிரிவுக்கு அப்போது இ.டி.பி. என்று பெயர், அந்தப் பிரிவு என்பது நான் ஒருவன். ஓசூரின் காலை மூடுபனியும் டீசலும் பாதிப் பாதி. தளியிலிருந்து வரும் முதல் பேருந்தில் ரோஜாக் கட்டுக்கும் கோஸ் மூட்டைக்கும் நடுவே சீருடைக்காரர்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். வந்து இறங்கி, கன்னடத்தில் திட்டிக்கொண்டு, தெலுங்கில் சமாதானமாகி, தமிழில் டீ குடிப்பார்கள்.

அந்தப் பேருந்தில்தான் நாகரத்னாவும் வருவார். வீட்டில் கன்னடம், அலுவலகத்தில் தமிழ், காகிதத்தில் ஆங்கிலம். ஊர் விட்டு ஊர் செய்தி தட்டும் டெலக்ஸ் இயந்திரத்துக்கு ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸுக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் வந்தது, மூன்றுக்கும் அவர்தான். ஆனால் ஐந்து வருடமாகத் தற்காலிகம். அந்த மாதக் கடைசியில் நிரந்தர ஆணை கையெழுத்தாக வேண்டும். கையெழுத்தானால் கம்பெனி குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைக்கும். "நாலு மணிக்கு எழுந்து பஸ்ஸுக்கு ஓடறது நிக்கும் சார். அஞ்சரை வரைக்கும் தூங்குவன். அது போதும் எனக்கு" என்பார். நிரந்தரம் என்ற சொல்லுக்கு நான் கேட்ட அர்த்தங்களில் அதுதான் உண்மையானது.

இணைய இணைப்பு எடுத்தபோது கூடவே ஒரு குறுந்தகடு வந்தது. எல்லாம் ஒன்றில் என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். வலைப்பக்கம் பார்க்க ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, குழு விவாதத்துக்கு ஒன்று, நாமே பக்கம் தயாரிக்க ஒன்று. நாலும் சேர்ந்த ஒரே தொகுப்பு. நாங்கள் அதை 'பெரிசு' என்று கூப்பிட்டோம். எங்கள் கணினிக்கு அது யானை ஏறிய கட்டில். ஏதாவது ஒரு வலைப்பக்கம் திணறினால், பாதி எழுதிய கடிதத்தையும் இழுத்துக்கொண்டு மொத்தமாகப் படுத்துவிடும். முதல் இரண்டு நாளிலேயே நாகரத்னா தட்டிய இரண்டு நீளமான கடிதங்கள் அப்படிப் போயின. மூன்றாவது கடிதம் போவதற்குள் நான் சின்னதாக ஒரு தனி அஞ்சல் நிரலைக் கொண்டுவந்து போட்டேன். ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும். இணைப்பு இல்லாதபோது எழுதி வைக்கலாம். இணைத்ததும் இருப்பதை அனுப்பிவிட்டு, வந்ததை வாங்கிக்கொண்டு, பேசாமல் இருந்துவிடும். அதுபோல ஒரு மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் முதல் நாள், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெரிசின் அஞ்சல் பகுதியில், இணைப்புக் கொடுத்தவர்களிடம் இருந்த எங்கள் அஞ்சல் பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி, நினைவில் வைத்துக்கொள் என்று குறியும் போட்டிருந்தேன். எனக்கு நானே அனுப்பிய கடிதம் வந்தது. கைதட்டினோம். அந்த விவரங்களை நான் அழிக்கவில்லை. மறக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்; இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும் என்று விட்டுவைத்தேன்.

நாகரத்னா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். டெலக்ஸ் காலத்திலிருந்து வந்தது. காலை ஒன்பதரைக்கும் மாலை நாலுக்கும், இரண்டே வேளை, இணைப்புப் போடுவார். வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் அச்செடுப்பார், முத்திரை குத்துவார், எண் போடுவார், வரவுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். ஒன்றும் வராவிட்டால் 'இல்லை' என்று அதையும் எழுதுவார். மாலையில் மேனேஜர் ஒவ்வொரு வரிக்கும் சுருக்கொப்பம் வைப்பார். காகிதமே வேண்டாம் என்றுதானே இதைக் கொண்டுவந்தோம் என்று நான் கிண்டல் செய்தபோது அவர் கேட்டார்:

"டெலக்ஸ்ல அந்தப் பக்கத்து மெஷின் தன் பேரைத் திருப்பிச் சொல்லும் சார். போய்ச் சேந்துடுச்சின்னு நமக்குத் தெரியும். இதுல யார் வாங்கினாங்கன்னு யார் சொல்றது?"

"அதெல்லாம் தானா நடக்கும்" என்றேன். வயது முப்பது. தானாக நடக்கும் என்பதுதான் அப்போது என் மதம்.

அந்தத் திங்கட்கிழமை காலை, வெள்ளியன்று போன சரக்கு லாரி கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டை மறுபடி கடந்து, முழுச் சுமையோடு எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. அத்தனை ஷாஃப்ட்டும் தள்ளுபடி. வளையம் உட்காரும் காடியை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும், பழைய வரைபடம் செல்லாது என்று வாடிக்கையாளர் போன செவ்வாய்க்கிழமையே மின்னஞ்சல் போட்டிருக்கிறார். நாங்கள் வெள்ளி வரைக்கும் பழைய அளவிலேயே வெட்டித் தள்ளியிருக்கிறோம். தொலைபேசியில் அந்தப் பக்கத்து ஆள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அனுப்பிட்டோம், திரும்பி வரல, உங்க பெட்டிக்குள்ளதான் போயிருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேனேஜர் அறையில் நாங்கள் மூவர் நின்றோம். நாகரத்னா, நான், மெஷின் ஷாப் ஃபோர்மேன் வெங்கடப்பா. வெங்கடப்பாவுக்கு ஊர் வேப்பனப்பள்ளி. மாந்தோப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு லேத்துக்கு வந்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'கம்ப்யூட்டரு'தான்.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். செவ்வாய் காலை இரண்டு வரவு. செவ்வாய் மாலை: இல்லை. பக்கத்திலேயே அவருடைய சுருக்கொப்பம்.

"இல்லைன்னு எழுதியிருக்கே. அவங்க அனுப்பினேன்றாங்களே?"

"வரல சார்" என்றார் நாகரத்னா.

"வந்து, நீ தெரியாம அழிச்சிருந்தா?"

"வந்தா அச்செடுப்பன் சார். அச்செடுக்காம எதையும் தொட மாட்டன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் அல்லர். பத்தரை மணிக்கு முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சுவர்க்கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது. "நீ சொல்லுப்பா. பெட்டிக்கு வந்த லெட்டர் யாரும் எடுக்காம காணாமப் போகுமா?"

"போகாது சார். யாராவது எடுத்தாத்தான் போகும்."

"எந்தெந்த மெஷின்ல எடுக்க முடியும்?"

"நாகரத்னா டேபிள்ல இருக்கிறது ஒண்ணுதான் சார்."

"அப்போ அங்கதான் வந்திருக்கணும்."

"ஆமா சார். அங்கதான் வந்திருக்கணும்."

ஒவ்வொரு வார்த்தையும் சரி. மூன்று பதிலையும் சேர்த்து அடுக்கியபோது ஒரு பெண்ணின் கழுத்துக்கு அளவாக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. கேள்வி வந்ததும் பதில் வந்ததே என்ற சின்னக் கர்வம்தான் எனக்குத் தெரிந்தது. நாகரத்னா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ மறந்துபோன பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பவர் போல நெற்றியைச் சுருக்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு மணிக்குள்ள விளக்கக் கடிதம் குடும்மா. அப்புறம் உன் ஃபைல என்ன பண்றதுன்னு பாக்கலாம்" என்றார் மேனேஜர். உன் ஃபைல் என்றால் நிரந்தர ஆணை. அறையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் என் இடத்துக்குப் போனேன். சம்பளப் பட்டியல் ஓட்டினேன். மதியம் கேன்டீனில் புளிச்சோறு சாப்பிட்டேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்கு அன்று பசித்தது.

மூன்று மணிக்கு வெங்கடப்பா கையைத் துடைத்த பழந்துணியோடு என் மேஜைக்கு வந்து நின்றார். திரும்பி வந்த ஷாஃப்ட் ஒன்றை ஓரமாக வைத்தார்.

"ஏம்பா கம்ப்யூட்டரு, ஒண்ணு கேக்கறன். அந்தப் பொண்ணு அஞ்சு வருசமா ஒரு காயிதம் தொலச்சதில்ல. எனக்கு வந்த கல்யாணப் பத்திரிக்கைக்கே நம்பர் போட்டு அனுப்புனது அது. அது தொலச்சிச்சின்னு நீ எத்த வச்சி சொன்ன?"

"நான் தொலைச்சாங்கன்னு சொல்லலீங்க. அந்த மெஷின்லதான் வரும்னு சொன்னேன்."

"சரி. எங்க லேத்துல ரெண்டு டூல் மாட்டிக்கீது. ஜாப் ரிஜக்ட் ஆச்சின்னா, எந்த டூலு வெட்டிச்சின்னு பாப்பமா, மெஷின்ல நின்ன ஆள வெளிய போன்னுவமா?"

"இதுல ஒரு டூல்தான்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன்.

"என்னா, பேட்டரி பூட்ச்சா?" என்றார்.

நான் எழுந்து நாகரத்னாவின் மேஜைக்குப் போனேன். அவர் கணினியில் இல்லை. பக்கத்து மேஜையில் பழைய தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்து கடிதம் தட்டிக்கொண்டிருந்தார். கணினியில் தட்டினால் தானே அழித்துவிடுவோமோ என்று பயந்ததாகப் பிறகு தெரிந்தது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, பல மாதமாக நான் தொடாத பெரிசைத் திறந்தேன். அது தன் வழக்கப்படி மூச்சு வாங்கியது. வட்டு கரகரத்தது. பக்கத்தில் தட்டச்சு எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அஞ்சல் பகுதி திறந்தது. என் சோதனைக் கடிதம், அதன் கீழே மூன்று கடிதங்கள். மூன்றும் தடித்த எழுத்தில். யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். நடுவில் இருந்தது வாடிக்கையாளருடையது. செவ்வாய்க்கிழமை.

அனுப்பியவை என்ற பகுதியிலும் என் சோதனைக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. அதே செவ்வாய், மதியம் ஒன்று பத்து. ஒரு பொறிக் கண்காட்சியைப் பற்றி விசாரித்து மேனேஜர் எழுதியது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாகரத்னா சாப்பிடப் போன நேரம். மேனேஜர் வந்து உட்கார்ந்து, இணைப்புப் போட்டு, பெரிசில் கண்காட்சியின் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அங்கிருந்த முகவரியை அழுத்தினார்; எழுதும் சன்னல் வந்தது; எழுதி அனுப்பினார். பிறகு மூலையில் இருக்கும் சின்ன உறைப் படத்தையும் அழுத்தியிருக்கிறார்; யார்தான் அழுத்த மாட்டார்கள்? உறையை அழுத்தினால் பெரிசு கடவுச்சொல் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் அவர் விட்டுவிட்டு எழுந்திருப்பார். கேட்கவில்லை. நான்தான் அதற்கு ஏற்கனவே சொல்லி வைத்திருந்தேனே. அது போய், பெட்டியில் இருந்த மூன்றையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அங்கே பெட்டியைக் காலி செய்துவிட்டது. அது மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவர் பொறுமையிழந்து எழுந்து போயிருக்க வேண்டும்; வந்த மூன்றையும் பார்க்கவே இல்லை. நாலு மணிக்கு நாகரத்னா தன் நிரலைத் திறந்தபோது அது சொன்னது உண்மை: புதிய கடிதம் இல்லை. அவரும் உண்மையை எழுதினார்: இல்லை. மேனேஜரும் அந்த உண்மைக்குக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது இந்த இடத்தில் என்னோடு சற்று உட்காருங்கள். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். நேரம் மூன்றரை. மூன்று கடிதங்களையும் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் போதும். எங்கள் பக்கத்தில் வேறெங்கும் அவை கிடையாது. தட்டாமல் பேசாமல் சன்னலை மூடினாலும் போதும். பெரிசை அந்த அலுவலகத்தில் வேறு யாரும் நோண்டப்போவதில்லை. மூன்றாவது வழி ஒன்றும் தோன்றியது. அது இன்னும் அழகானது. கடிதத்தைத் தனி நிரலுக்கு மாற்றிவிட்டு, 'தாமதமாக இப்போதுதான் வந்திருக்கிறது சார்' என்று ஓடிப்போய்ச் சொல்லலாம். நாகரத்னா தப்பிப்பார், மேனேஜர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அந்தப் பொய்யின் மேல் என் விரல் சற்று நேரம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. தொழில்நுட்பம் தெரிந்தவனுடைய பொய்யை இன்னொருவர் பிடிக்க முடியாது. நம் வேலையில் இருக்கும் ஒரே பெரிய ஆபத்து அதுதான், மற்றதெல்லாம் மின்வெட்டு.

பக்கத்தில் தட்டச்சு நின்றது. நாகரத்னா தாளை உருவாமல், குனிந்து படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'என் கவனக்குறைவால் அழிந்திருக்கலாம் என' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"நாகரத்னா, அதக் கிழிச்சிடுங்க" என்றேன்.

"ஏன் சார், இங்கிலீஷ் தப்பா?"

"லெட்டர் கிடைச்சிடுச்சு. நீங்க அழிக்கல. உங்களுக்கு வரவே இல்ல. இங்க பாருங்க."

அவர் வந்து திரையைப் பார்த்தார். மூன்று கடிதங்களையும் பார்த்தார், மேனேஜர் அனுப்பியதையும் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் நாள் விட்டுவைத்த கடவுச்சொல் வரைக்கும். அவர் அச்சுப்பொறியை இயக்கினார். மூன்றையும் அச்செடுத்து, முத்திரை குத்தி, எண் போட்டார். பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதியில் மூன்று வரி எழுதினார். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"லேட்டா வந்ததுக்கு காரணம் எழுதணும் சார். என்ன எழுதட்டும்? யார் பேரு?"

மேனேஜர் பெயரைச் சொல்லியிருந்தால் பாதி உண்மை. அந்தப் பாதி என்னைக் காப்பாற்றப் போதுமானது.

"இ.டி.பி. பிரிவு இரண்டு நிரல்களிலும் கடவுச்சொல் வைத்திருந்ததால். அப்படியே எழுதுங்க. பிராக்கெட்ல என் பேரு போடுங்க."

போட்டார். அழகான கையெழுத்து.

நாலு மணிக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். மேனேஜர் மூன்று வரியையும் படித்தார். நான் அவருடைய கண்காட்சிக் கடிதத்தின் அச்சையும் வைத்தேன். அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"நானா?" என்றார்.

"நீங்க அழுத்தினீங்க சார். அழுத்தினா எடுக்கிற மாதிரி வச்சது நான்."

"காலையில அவ்வளோ அடிச்சிச் சொன்னியேப்பா. ஒரே மெஷினு, ஒரே மெஷினுன்னு. உன்ன நம்பித்தானே முதலாளிகிட்ட இந்தப் பொண்ணு பேர சொன்னேன்."

"போய்ப் பார்க்காமச் சொல்லிட்டேன் சார்."

அவர் மூன்று வரிக்கும் சுருக்கொப்பம் வைத்தார். மூன்றாவதில் பேனா கொஞ்சம் அழுந்தியது. பிறகு தொலைபேசியை எடுத்து முதலாளியை அழைத்து, "அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்க, நான் காலையில தவறாச் சொல்லிட்டேன்" என்றார். எங்களை வெளியே போகச் சொல்லாமலே, எங்கள் எதிரிலேயே அதைச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமானது. அதையும் நாகரத்னாதான் தட்டினார். அவருடைய ஆணை மாதக் கடைசியில் கையெழுத்தானது. ஷாஃப்ட்டுகளை வெங்கடப்பா ஒன்றும் செய்ய முடியவில்லை. வெட்டிய காடியை நகர்த்த முடியாது. எல்லாம் பழைய இரும்புக்குப் போயின.

அன்று மேனேஜர் அறையிலிருந்து திரும்பி வந்ததும், பெரிசிலிருந்து எங்கள் பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்தேன். அந்த வேலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாகரத்னா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த மொழியில் என்று தெரியாமல், "காலையில நான் வேணும்னு சொல்லலீங்க" என்றேன்.

"தெரியும் சார். நீங்க பொய் சொல்லியிருந்தா பரவால்ல. அங்கயே சண்டை போட்டிருப்பன்." தட்டச்சு இயந்திரத்திலிருந்து அந்தப் பாதித் தாளை உருவி, நாலாக மடித்தார். "நீங்க விஷயம் தெரிஞ்சவரு. நீங்க சொன்னதும் நானே நம்பிட்டன். மதியம் பூரா உக்காந்து, எந்த விரல்ல அழிச்சன், எந்த விரல்ல அழிச்சன்னு என் கையவே பாத்துக்கிட்டிருந்தன்."

மடித்த தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் தளி பேருந்துக்குக் கிளம்பினார்.